நாற்பது பேருக்குக் காற்று

பிஷ்கெக்,
செப்டம்பர் 14

அன்புள்ள ஷெராலி அண்ணனுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை. அண்ணியின் போனில் கூப்பிட்டால், "உங்க அண்ணன் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு, ஆனா இல்லைன்னு சொல்லச் சொல்றாரு" என்கிறார். போனில் பேசினால் பெர்மெத்தான் ஜெயிப்பாள், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பட்டும் என்றும் சொன்னீர்களாம். சரி, எழுதுகிறேன். இங்கிருந்து உங்கள் ஊர் நரினுக்கு மினிபஸ் ஓட்டும் தாலாய் இதைக் கொண்டுவந்து கொடுப்பான். பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உள்ளே உங்கள் வீட்டைப் பற்றி நல்ல செய்தி இருக்கிறது.

அன்றைக்கு வாசலில் ஒரு பெரிய ஃபேனை மாட்டி, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்துப் பார்த்தேனே, அதன் முடிவு வந்துவிட்டது. நரினில் சாதாரணமாகக் கட்டும் வீட்டில் அந்த இழுப்புக்கு ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை காற்று மாறிவிடும். அவ்வளவு ஓட்டை. உங்கள் புது வீட்டில் அரைத் தடவைதான் மாறியது. என் ஆபீசில் யாருமே நம்பவில்லை. பிஷ்கெக்கில் நாங்கள் மேற்பார்வை பார்த்துக் கட்டிய ஒரு வீடுகூட இந்த அளவுக்கு வரவில்லை. "யாரு கட்டினது?" என்று கேட்டார்கள். "எங்க அண்ணன். ஆட்டு ரோமத்தைச் சுவருக்குள்ள திணிச்சு, ஒவ்வொரு இணைப்பையும் தன் கையால ஒட்டினாரு" என்றேன். அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

இப்படிக் கட்டிய வீட்டில்தான் மெஷின் கட்டாயம் வேண்டும். ஓட்டை இல்லாததால் காற்று தானாக வராது. சமையல் நீராவியும் ஆட்கள் விடும் மூச்சும் உள்ளேயே தங்கிவிடும். சமையலறை, குளியலறைக் காற்றை ஒரு பக்கம் வெளியே தள்ளி, மறுபக்கம் படுக்கையறைகளுக்குப் புதுக் காற்றைக் கொண்டுவரும் மெஷின் வேண்டும். போகிற காற்றின் சூட்டை வாங்கி வருகிற காற்றுக்குக் கொடுத்துவிடும். அதனால் கரி அடுப்பு வேண்டாம், சின்னக் கரண்ட் ஹீட்டரே போதும். ஒரு ஆளுக்கு மணிக்கு முப்பது கனமீட்டர் என்று வைத்தால் நாலு பேருக்கு நூற்றிருபது. நூற்றைம்பது கனமீட்டர் தள்ளுகிற சின்ன மெஷின் போதும்.

இன்னொன்று. தரை இறுகுவதற்கு முன்னால் கொல்லையில் ஆளுயரத்துக்கும் கீழே நாற்பது மீட்டர் பைப் புதையுங்கள். உள்ளே வரும் காற்று மண்ணுக்கடியில் ஓடி வந்தால் கடும் குளிரிலும் மெஷின் உறையாது.

அன்று நடந்ததை நீங்கள் மறந்துபோய் வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது என்பதால் நானே எழுதிவிடுகிறேன். "வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டேன். "நாப்பது" என்றீர்கள். சிரித்துவிட்டு, "நாலுன்னு எழுதிக்கிறேன்" என்றேன். நீங்கள் எல்லார் முன்னாலும், "நீ பிஷ்கெக்குக்குப் போய்ப் புறாக்கூண்டுக்குக் கணக்குப் போடு" என்று கத்தினீர்கள். நான் கிளம்பிவிட்டேன். இதில் தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
பெர்மெத்


நரின்,
செப்டம்பர் 29

பெர்மெத்,

அரைத் தடவை என்ற வரியை உன் அண்ணி ரகாத்திடம் மூன்று முறை படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் படித்துக் காட்டினேன். அந்த வரிக்காக உன் கடிதத்தை வைத்திருக்கிறேன். மற்ற வரிகளுக்காகக் கிழித்துப் போட்டிருப்பேன்.

நீ எழுதியதில் இரண்டு விஷயத்தை வசதியாக விட்டுவிட்டாய். அன்றைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது யார்? இசாபெக். பிப்ரவரியில் எனக்குச் சம்பந்தி ஆகப்போகிறவர். நான், ரகாத், பையன் அக்ஜோல், சின்னவள் அய்தாய் என்று விரல் மடக்கி நாலு என்றாயே, அக்ஜோலைக் கட்டிக்கொண்டு வரப்போகிற செஸிம் எங்கே? பெண்ணைப் பெற்றவர் முன்னால் பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல் எழுதினாய். காரில் ஏறும்போது இசாபெக் என்னிடம், "ஏன் சம்பந்தி, உங்க வீட்டுல எம்பொண்ணு மூச்சு விடக் கூடாதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இரண்டாவது, ரகாத் உனக்கென்று சுட்ட ரொட்டியைத் தொடாமல் எழுந்து போனாய். என்னோடு அடிதடி போட்டவன்கூட வாசலில் நின்று ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் போவான். நீ என் தங்கை. நீ போன பிறகு அந்த ரொட்டியை ரகாத் வெகுநேரம் எடுக்காமல் விரிப்பிலேயே வைத்திருந்தாள்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். இந்த வீட்டில் நாலு பேராக உட்கார்ந்து சாப்பிட்ட நாள் ஒன்றைச் சொல். எனக்கு நினைவில்லை. மேய்ச்சலிலிருந்து இறங்கி வருகிறவன் வருவான், ஆஸ்பத்திரிக்கு வந்த ரகாத்தின் அத்தை வருவாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவார்கள். கல்யாணம், சாவு, பெயர் வைப்பது என்றால் நாற்பது பேர் ஒரே பந்தியில். நாலு பேருக்குக் காற்று வைத்த வீடு என்று ஊரில் தெரிந்தால் நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?

கோடையில் மலையில் போடும் கூடாரத்தை நினைத்துப் பார். உச்சி வளையத்தின் மேல் கம்பளி மூடி, அதில் ஒரு கயிறு. ஆள் கூடினால் இழுப்போம், திறக்கும். ஆள் போனால் மூடுவோம். நீ படித்த படிப்பில் அந்தக் கயிறு எங்கே? ஒரே ஒரு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாய்.

கயிறு இல்லையென்றால் பெரிதாகவே இருக்கட்டும் என்று நானே வாங்கிவிட்டேன். ஆயிரத்து இருநூறு கனமீட்டர். நாற்பது முப்பது ஆயிரத்து இருநூறு, உன் கணக்குதான். விற்றவன் ஓட்டல்காரர்களுக்கு விற்கிற சரக்கு என்றான். நல்லது என்றேன், என் வீட்டில் ஓட்டலைவிட அதிகம் பேர் சாப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி எட்டாம் தேதி விருந்து, இந்த வீட்டில். புகை இல்லாத, கரி வாடை இல்லாத வீட்டுக்கு மருமகள் வருகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தெருவில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குச் செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

ஷெராலி


பிஷ்கெக்,
அக்டோபர் 11

அண்ணா,

செஸிம் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. இன்று யார் இருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணினேன், யார் வரப்போகிறார்கள் என்று எண்ணவில்லை. இசாபெக்குக்குத் தனியாகக் கடிதம் எழுதிவிட்டேன். அண்ணிக்கும் எழுதியிருக்கிறேன். ரொட்டியைப் பற்றி அதில் சொல்லியிருக்கிறேன், உங்களிடம் சொல்லமாட்டேன்.

ஆனால் ஆயிரத்து இருநூறா! தாலாயிடம் கேட்டேன், "மெஷினைப் பாத்தியா?" என்று. "அக்கா, அதை எறக்க ஆறு பேர் வேணும்னாங்க. குதிரையை நிக்க வெக்கலாம் உள்ள" என்றான்.

கோபப்படாமல் படியுங்கள். மெஷின் ஓடப்போவது விருந்து நாளில் மட்டும் அல்ல. ஜனவரியில் வெளியே மைனஸ் முப்பது இருக்கும்போதும் ஓட வேண்டும். அந்தக் குளிர்க்காற்றில் ஈரமே கிடையாது. அதை எவ்வளவு அதிகம் உள்ளே தள்ளுகிறோமோ அவ்வளவுக்கு வீடு காய்ந்துபோகும். உங்கள் மெஷினை எவ்வளவு குறைத்து வைத்தாலும் நானூறுக்குக் கீழே இறங்காது. அஞ்சு பேர் இருக்கும் வீட்டுக்கு அது மிக அதிகம். சத்தமும் இருக்கும். சத்தம் தாங்காமல் நிறுத்திவிடுவீர்கள். நிறுத்தினால், நீங்கள் இவ்வளவு அழகாக ஓட்டை அடைத்த வீட்டில் காற்று துளிக்கூட வராது. நான் இதுவரை பார்த்த பெரிய மெஷின்கள் எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்ட மெஷின்கள்தான்.

தாலாயிடம் ஒரு சின்ன மீட்டர் கொடுத்து அனுப்புகிறேன். நாம் விடும் மூச்சு வீட்டுக்குள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். வெளியே வைத்தால் நானூற்றுச் சொச்சம். வீட்டுக்குள் ஆயிரத்துக்குள் இருந்தால் நல்ல காற்று. விருந்து நாளில் ஆயிரத்து ஐந்நூறு வரை போனாலும் குற்றமில்லை. அதற்கு மேல் போனால் விருந்தாளிகள் கொட்டாவி விடுவார்கள், பேச்சு வளவளவென்று இழுக்கிறது என்று நீங்கள் அவர்களைக் குறை சொல்வீர்கள்.

பைப் புதைத்தீர்களா? அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கரி அடுப்பை எடுத்துவிட்டீர்களா? அதையும் எழுதுங்கள்.

பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை. நானும் லேசுப்பட்டவள் இல்லை.

பெர்மெத்


நரின்,
டிசம்பர் 18

பெர்மெத்,

என் வீட்டில் எல்லாம் பிரமாதம். மெஷின் ஓடுகிறது. மீட்டர் வேலை செய்கிறது. இசாபெக் வந்தால் முதலில் அதைத்தான் பார்க்கிறார். "நல்ல காத்தா கெட்ட காத்தான்னு என் மூக்குக்குத் தெரியாதா?" என்று முதலில் நக்கலடித்தார். இப்போது தேநீர் குடிப்பதற்கு முன் ஒரு எண், குடித்த பின் ஒரு எண் பார்க்கிறார்.

இந்தக் கடிதம் என் நண்பன் ஒருவனுக்காக. உனக்கு அவனைத் தெரியாது. என்னுடையதைப் போலவே ஒரு மெஷின் வாங்கிவிட்டான். அவனுக்குச் சில சந்தேகங்கள்.

மெஷின் ஓடும்போது அவன் மனைவியின் உதடு வெடிக்கிறது. மாவு பிசைந்து மூடி வைத்தால்கூடத் தோல் கட்டிவிடுகிறதாம். தரைப்பலகைகள் விலகி, மகளின் சீப்பு இடுக்கில் விழுந்துவிட்டது. அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். போதும் என்று நிறுத்தினால் ஜன்னலில் தண்ணீர் வழிகிறது. சுவரில் மாட்டியிருந்த பெரிய கம்பளத்தை எடுத்துப் பார்த்தால் பின்னால் கறுப்புப் பூஞ்சை. மனைவி, "போட்டா பாலைவனம், நிறுத்தினா குளியல் கொட்டகை" என்கிறாளாம். அவன் பாவம், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான்.

இன்னொன்று. கடும் குளிரில் மெஷினுக்குள் பனிக்கட்டி அடைத்துக்கொள்கிறது. அப்போது உள்ளே வரும் காற்றை அதுவே நிறுத்திக்கொண்டு, வெளியே தள்ளும் ஃபேனை மட்டும் ஓட்டுகிறது. கட்டி கரைந்ததும் பழையபடி ஓடுகிறது. இது சாதாரணம்தானே?

கரண்ட் போனால் வேண்டும் என்று அவன் ஒரு சின்னக் கரி அடுப்பையும் வைத்திருக்கிறான். நரினில் யார்தான் வைத்திருக்கவில்லை? குளிர் ஏறியதும் தினமும் கொஞ்சம் மூட்டுகிறான்.

அவசரமில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை எழுது.

ஷெராலி


பிஷ்கெக்,
டிசம்பர் 20

அண்ணா,

அவசரம்தான். தாலாய் இன்று லீவு. நரினுக்குப் போகிற வேறொரு டிரைவரைப் பிடித்து இதை அனுப்புகிறேன். அண்ணிக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். "எதுக்கும் எழுதிக் குடு, அப்பத்தான் மனுஷன் கேப்பாரு" என்றார்.

உங்கள் நண்பனிடம் இதைச் சொல்லுங்கள். காற்றை உள்ளே கொண்டுவரும் ஃபேன் நின்று, வெளியே தள்ளும் ஃபேன் மட்டும் ஓடினால், வீடு எங்கிருந்தாவது காற்றை இழுக்கப் பார்க்கும். ஓட்டை உள்ள வீடாக இருந்தால் ஓட்டை வழியாக வரும். உங்கள் நண்பன் கெட்டிக்காரன், ஓட்டை எதுவும் விடவில்லை. மிச்சம் இருக்கும் ஒரே வழி அடுப்பின் புகைபோக்கி. மேலே போக வேண்டிய புகை வீட்டுக்குள் இறங்கும். அதில் வரும் விஷக்காற்றுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். நம் ஊரில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எத்தனை வீட்டில் சாவு விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

கவருடன் ஒரு வெள்ளை அலாரம் இருக்கிறது. அடுப்பு இருக்கும் அறையில் மாட்டச் சொல்லுங்கள். இன்றைக்கே. கத்தினால் கேள்வி கேட்காமல் எல்லாரும் வெளியே. நான் வேறு வழி சொல்லும்வரை மெஷின் ஓடும்போது அடுப்பு வேண்டாம், அடுப்பு எரியும்போது மெஷின் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை நான் மறுபடி மறுபடி படித்தேன், செப்டம்பரில் எழுதியதை. நாலு பேராக உட்கார்ந்து சாப்பிட்ட நாள் ஒன்றைச் சொல் என்று கேட்டிருந்தீர்களே. அதைப் படித்து முதலில் கோபம் வந்தது. பிறகு அண்ணியிடம் கேட்டேன், சாதாரணமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு எத்தனை கிண்ணம் வைப்பீர்கள் என்று. "ஒம்பது, பத்து" என்றார். நான் படுக்கிறவர்களை எண்ணினேன், நீங்கள் சாப்பிடுகிறவர்களை எண்ணினீர்கள். நான் சொன்ன நூற்றைம்பது மெஷின் உங்கள் வீட்டுக்குச் சின்னது. நீங்கள் வாங்கியது பெரியது. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் மூக்கு உடைந்திருக்கிறது, பங்கு போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கயிற்றைப் பற்றியும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நல்ல கேள்வி அது. எங்கள் ஆபீசில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நண்பனின் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவர் உதட்டுக்கு வெண்ணெய் தடவச் சொல்லுங்கள்.

பெர்மெத்


நரின்,
ஜனவரி 4

தங்கச்சி,

நண்பன் யாரும் இல்லை. உனக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கும்.

நேற்று மத்தியானம் இசாபெக்கும் அவர் மனைவியும் விருந்துப் பேச்சுக்காக வந்திருந்தார்கள். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. சம்பந்தி வந்திருக்கும்போது வீடு கதகதப்பாக இருக்கட்டும் என்று அடுப்பையும் மூட்டினேன், மெஷினையும் ஓட்டினேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஒரு பொழுதுதானே என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் ரகாத் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இசாபெக் தலையணையில் சாய்ந்து, "நல்ல சாப்பாடு சம்பந்தி, கண்ணைச் சொக்குது" என்றார். அய்தாய் அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது.

அப்போது நீ அனுப்பிய வெள்ளைப் பெட்டி கத்தியது. அப்படி ஒரு கத்தல். இசாபெக், "என்னோட கார் கத்துதா?" என்கிறார். நான் அய்தாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்ஜோல் மற்றவர்களை இழுத்துக்கொண்டு வந்தான். எல்லாரும் காலுறையோடு பனியில் நின்றோம். குழந்தை கண்ணைத் திறக்கச் சற்று நேரம் ஆனது. திறந்து, "குளிருது அப்பா" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு நான் அழுதேன், பெர்மெத். சம்பந்தி முன்னால், பட்டப்பகலில், அழுதேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் பார்த்துவிட்டார். அடுப்பை அணைத்து, மெஷினை நிறுத்தி, ஜன்னலை எல்லாம் திறந்து போட்டிருக்கிறேன். கோட்டுக்குள்ளிருந்து இதை எழுதுகிறேன்.

இசாபெக் நல்ல மனிதர், திட்டவில்லை. கிளம்பும்போது மெதுவாக, "விருந்தை வேணும்னா எங்க வீட்டுலயே வெச்சுக்கலாம், சம்பந்தி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாப்பிள்ளை வீட்டு விருந்தைப் பெண் வீட்டில் வைப்பதா? மருமகளை அழைத்துவர எனக்கு ஒரு கூரை இல்லையா? ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் உனக்குச் சொல்லவில்லை. பைப்பைப் புதைத்துவிட்டேன். உன் முதல் கடிதம் வந்த அன்றே தோண்ட ஆரம்பித்தேன். ஆளுயரத்துக்கும் கீழே, நாற்பத்திரண்டு மீட்டர், தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிவு வைத்து. நீ அரைத் தடவை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த சந்தோஷத்தில் மண்வெட்டியை எடுத்தேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அப்படியும் மெஷின் உறைகிறதே, அது ஏன்?

என்ன செய்ய வேண்டும் என்று சொல். அப்படியே செய்கிறேன். போன் செய்தாலும் எடுப்பேன். ஆனால் எழுதியும் அனுப்பு, எழுத்தில் இருந்தால் நான் மாற்றிச் செய்ய முடியாது.

உன் அண்ணன்,
ஷெராலி


பிஷ்கெக்,
ஜனவரி 7

அன்புள்ள அண்ணா,

போனில் அய்தாயின் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

நாற்பத்திரண்டு மீட்டர்! என்னிடம் சொல்லாமல்! இதற்காக உங்களைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. பைப் மேல் தப்பில்லை. அந்த ராட்சத மெஷின் அவ்வளவு வேகமாக இழுத்தால் காற்று மண்ணுக்குள் சூடேற நேரம் எங்கே? நிதானமாக இழுத்தால் அந்த பைப் ராஜாவைப் போல வேலை செய்யும்.

இதுதான் திட்டம். முந்நூற்றைம்பது கனமீட்டர் மெஷின் இரண்டு. ஒன்று எப்போதும் ஓடும், இருநூற்றெழுபதில். ஒன்பது கிண்ணத்துக்கு அந்த அளவு சரி, வீட்டில் நீங்கள் அஞ்சு பேர் மட்டும் இருக்கும்போது இன்னும் பாதியாக இறங்கிக்கொள்ளும். முழு வேகத்தில் முக்காமல் ஓடுவதால் சத்தம் கேட்காது. இரண்டாவது மெஷின் விருந்தறைக்கு. அது சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். விருந்தறை மீட்டரில் எண் ஏற ஏற அதுவே விழித்துக்கொள்ளும். இரண்டும் முழுசாக ஓடினால் எழுநூறு. ஒரே பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்தாலும் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நீங்கள் கேட்ட கயிறு இதுதான். அதை இழுக்க வேண்டியவர்கள் விருந்தாளிகள். மூச்சு விட்டாலே போதும், திறந்துகொள்ளும்.

இரண்டு மெஷினும் உறைகிற நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்தாது. பைப்பைத் தாண்டி ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். கரண்ட் போனால் இரண்டு ஃபேனும் சேர்ந்தே நிற்கும், அப்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். கரி அடுப்பை வைத்துக்கொள்ளலாம், ஆனால் இறுக்கி மூடும் கதவு உள்ளதாக மாற்றி, அதற்கென்று தனியாக வெளியிலிருந்து ஒரு காற்றுக்குழாய் கொடுங்கள். வீட்டுக் காற்றில் அது வாய் வைக்கக் கூடாது. வெள்ளைப் பெட்டி எப்போதும் சுவரில் இருக்க வேண்டும்.

பெரிய மெஷினைப் பற்றிக் கவலை வேண்டாம். கொச்கோரில் நெடுஞ்சாலை ஓட்டல்காரர் ஒருவர் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதன் சொந்தக்காரர்களிடமே போய்ச் சேரட்டும்.

படம் வரைந்து வைத்திருக்கிறேன், குழாய் ஒவ்வொன்றும் எங்கே வரவேண்டும் என்று. ஒட்டுவது உங்கள் வேலை. அரைத் தடவை ஒட்டிய கை, அதற்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து காற்றை அளந்து சரிசெய்கிறேன். இசாபெக்கிடம் சொல்லுங்கள், விருந்து ஷெராலி வீட்டில்தான்.

வந்ததும் முதலில் அண்ணி சுட்ட ரொட்டி. பிறகுதான் பேச்சு.

பெர்மெத்


நரின்,
பிப்ரவரி 12

அன்புள்ள பெர்மெத்துக்கு,

பனி மூடிக் கிடந்த மலைப்பாதை இன்றுதான் திறந்தது. தாலாய் வந்து எல்லாம் சொன்னான். "அக்கா ராத்திரி பூரா வண்டிக்குள்ள உக்காந்திருந்தாங்க. பனி தள்ளற வண்டிக்காரன்கிட்டப் போய்ச் சண்டை போட்டாங்க. அவனே பயந்துட்டான்" என்றான். கணவாய் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய். நீ போனில் சொன்னபடி வால்வு ஒவ்வொன்றையும் அக்ஜோலும் நானும் திருகினோம். திருகிய கை எங்களுடையது, காது முழுக்க உன் அதட்டல்.

விருந்து நடந்தது. என் வீட்டில் நடந்தது!

இரண்டு பந்தி, பந்திக்கு நாற்பது. சமையல் வெளியே கொல்லையில், நாலு கொப்பரை. வீட்டுக்குள் அடுப்பு மூட்டவில்லை. செஸிம் வழக்கப்படி மணப்பெண் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், அவள் தலைக்கு மேல்தான் உன் காற்று வருகிற வாய். அவளைப் பாடச் சொன்னபோது இருமாமல் பாடினாள். வெளியே பனி, உள்ளே நாற்பது பேர், கறி ஆவி, பேச்சு, சிரிப்பு. ஜன்னலில் ஒரு சொட்டு வழியவில்லை.

மீட்டரை இசாபெக் யாரிடமும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தொள்ளாயிரம். ஆயிரத்து நூறு. அப்போது சுவருக்குப் பின்னால் மெல்ல ஒரு உறுமல், இரண்டாவது மெஷின் எழுந்துவிட்டது. எல்லாரும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். ஆயிரத்து முந்நூறு. ஆயிரத்து நானூற்று இருபது. அங்கேயே நின்றது. இசாபெக் அதைத் தட்டிப் பார்த்தார். "ஏறவே மாட்டேங்குதே. யாராவது ஓடுங்கய்யா, தெருவுல போறவனைக் கூட்டிட்டு வாங்க, தாண்டுதான்னு பாப்போம்" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

பிறகு நான் எழுந்தேன். எனக்குப் பேச வராது, தெரியும் உனக்கு. "இந்தச் சுவரு நான் கட்டினது. நீங்க இப்ப விட்டுக்கிட்டு இருக்கற மூச்சு இருக்கே, அது என் தங்கச்சி குடுத்தது. எம்பொண்ணு இன்னைக்கு இங்க ஓடி விளையாடுறாள்னா அதுவும் என் தங்கச்சி குடுத்தது. நாலுன்னு எழுதினப்ப நான் அவளைத் துரத்தினேன். நாப்பதுன்னு நான் சொன்னப்ப அவ சிரிச்சா. கடைசியில அவ நாப்பது பேருக்கும் கணக்குப் போட்டா" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். இசாபெக் எழுந்து வந்து தோளில் கை போட்டார். "சம்பந்தி, எம்பொண்ணு இங்க நல்லா மூச்சு விடுறா" என்றார்.

தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் உன் நம்பரைக் கேட்டிருக்கிறார்கள். இசாபெக் ஏழாவது. எத்தனை கிண்ணம் வைப்பீர்கள் என்றுதான் அவள் முதலில் கேட்பாள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் மறைக்க மாட்டேன். பந்திக்கு நாற்பது என்று எழுதினேனே, முதல் பந்தியில் உள்ளே இருந்தது முப்பத்தொன்பது பேர்தான். கதவுக்கு எதிரில், மரியாதை இடத்தில், ஒரு தலையணை காலியாக இருந்தது. யாரையும் உட்கார விடவில்லை. உனக்குப் பங்கு வைத்தோம், ஆறிப்போனது. அதனால் ஆயிரத்து நானூற்று இருபது என்பது ஒரு ஆள் குறைந்த கணக்கு.

தாலாயிடம் ஒரு ரொட்டி கொடுத்திருக்கிறேன். ரகாத் விருந்துக்குச் சுட்டது. தூரம் போகிறவர்கள் ரொட்டியின் ஓரத்தைக் கடித்துவிட்டுப் போனால்தான் பத்திரமாகத் திரும்பி வருவார்கள் என்பது உனக்கே தெரியும். செப்டம்பரில் செய்ய விடாமல் போய்விட்டாய்.

உன் அண்ணன்,
ஷெராலி


பிஷ்கெக்,
பிப்ரவரி 14

அண்ணா,

தாலாய் வாசலில் நிற்கிறான், வண்டி கிளம்ப வேண்டுமாம், அதனால் நீளமாக எழுத முடியவில்லை. உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். ஆபீசில் எல்லாரும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். எங்க அண்ணன் என்னைப் பத்தி ஊருக்கு முன்னால பேசியிருக்காரு என்றேன்.

ரொட்டியின் ஒரு ஓரத்தைக் கடித்துக்கொண்டேன். பல் தடம் தெரிகிறது, பாருங்கள். மீதியைத் தாலாயிடமே திருப்பி அனுப்புகிறேன். துணியில் சுற்றி விருந்தறைச் சுவரில் மாட்டி வையுங்கள். நான் வந்து மிச்சத்தைச் சாப்பிடும்வரை யாரும் கை வைக்கக் கூடாது, அய்தாய்கூட.

மார்ச் கடைசியில் வருகிறேன். அன்றைக்கு அந்த முப்பத்தொன்பது பேரையும் திரும்பக் கூப்பிடுங்கள், இசாபெக் மடியில் மீட்டர் இருக்கட்டும். நாற்பதாவது ஆளாக உட்கார்ந்து நானும் மூச்சு விட்ட பிறகுதான் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுவேன்.

பெர்மெத்